கனியின் பேரில் ஒரு பூட்டு

உங்கள் லேப்டாப்பில் வந்த அந்தக் கட்டத்தை மூடாதீர்கள். கொஞ்சம் இருங்கள், கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன்.

அதேதான். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஆனால் இந்த வரி வரும். ஃபைல் பூட்டியிருக்கிறது, இன்னார் திறந்து வைத்திருக்கிறார், நீங்கள் பார்க்கலாம், கை வைக்க முடியாது. சரிதானே? உங்கள் கட்டத்தில் யாரோ பிரவீன் என்று வருகிறது. எங்கள் பிரஸ்ஸில் வந்த கட்டத்தில் கனி என்று வரும். ஜெயக்கனி. என் மகள்.

அவளைப் பார்க்கத்தான் போகிறேன். கோயம்புத்தூர். சிங்காநல்லூரில் இறங்க வேண்டும். நீங்கள்? பல்லடமா. சரி, நேரம் இருக்கிறது.

கம்பெனி கம்பெனியாகப் போய் இதைச் சரிசெய்வதுதான் உங்கள் வேலையா? அப்படியானால் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பு அவள் பேரில்தான் என்று. நடுவில் கேள்வி வேண்டாம். எனக்குப் பிடிக்காது.

எனக்கு ஊர் சிவகாசி. பேர் தனுஷ்கோடி. காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் சூப்பர்வைசர். இருந்தேன். மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த ரோலரில் மை குறைகிறது என்று சொல்லுவேன். அதெல்லாம் இப்போது எதற்கு. விடுங்கள்.

காலண்டர் தொழில் தெரியுமா? தெரியாது. வருஷம் பிறந்தால் சுவரில் ஆணி அடித்து மாட்டுவீர்கள், அவ்வளவுதான். எங்களுக்கு வருஷம் ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பிறக்கிறது. அன்றைக்குத்தான் மாதிரிப் படங்கள் வைத்த ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியே எடுப்போம். ஏஜெண்டுகள் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அதிலிருந்து மார்கழி வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது.

படம் ஆயிரம் இருக்கும். முருகன், மாதா, மெக்கா, குழந்தை, குருவி. ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கீழே தேதி போடுகிற தாள் ஒன்றுதான். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு ஃபைல். எது சிவப்பு நாள், எது கறுப்பு நாள், என்றைக்கு அமாவாசை, என்றைக்கு முகூர்த்தம், எல்லாம் அதில். அதில் ஒரு பிழை வந்தால் ஊரில் இருக்கிற எல்லாப் பார்ட்டிக்கும் அதே பிழை போகும். புரிகிறதா? அந்தப் பன்னிரண்டும் முதலாளி ரூமில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டி என்றால் நீங்கள் சொல்கிற சர்வர். டிசைனிங் ரூமில் இருக்கிற மூன்று கம்ப்யூட்டரும், என் ரூமில் இருக்கிற ஒன்றும், அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் ரூமில் கம்ப்யூட்டர் எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதலாளி கேட்கவில்லை. குணசீலன் என்று பேர், என்னைவிட ரொம்ப இளையவர். அண்ணாச்சி, நீங்க ஒரு தடவ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி, அப்படி என்பார். சரி என்றேன். ஆனால் பாஸ்வேர்டு அது இது என்று என்னை அலைக்கழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கனிதான் வந்து மாட்டிக் கொடுத்தாள். "என் பேர்லயே போட்டுட்டேன்ப்பா. ஒரே அமுக்கு. தொறந்துரும்." அவ்வளவு பாசமாக இருந்த பெண்தான். அதற்காகச் சொல்கிறேன்.

அவள் கதையையும் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. குடிகாரன். கைக்குழந்தையோடு வந்து நின்றாள். நானே முதலாளியிடம் சொல்லி டிசைனிங்கில் சேர்த்தேன். சீக்கிரம் கற்றுக்கொண்டாள். அந்த ரூமே அவள் கையில் வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பும்போது என் ரூம் வாசலில் நின்று, "வர்றேன்ப்பா" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். பிரஸ்ஸில் அப்பா மகள் கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

கடைசியாகக் கிளம்புவது நான்தான். மிஷின் ஹால், கட்டிங், டிசைனிங், எல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டுப் பூட்டுவேன். ஒரு நாள் தவறியதில்லை. வேறு ஒருவனையும் அதைத் தொட விட்டதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். எங்கள் எதிர்ச் சந்தில் ஒரு பேப்பர் குடோன் இருந்தது. வயர் உருகிப் பிடித்துக்கொண்டது. உள்ளே படுத்திருந்த வாட்ச்மேன் வெளியே வரவில்லை. ஷட்டரை நெம்பித் திறந்தவர்களில் நானும் ஒருவன். பேப்பர் எரிந்தால் கரி ஆகும் என்று நினைப்பீர்கள். கட்டுக் கட்டாக அடுக்கி வைத்த பேப்பர் எரியாது, உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அந்த ஆள் அதற்கு நடுவில்.

போதும். அதிலிருந்து மெயினை இழுக்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. முதலாளி ரூமுக்கு மட்டும் தனி லைன், தனி பேட்டரி. அந்தப் பெட்டி ராத்திரியும் ஓட வேண்டுமாம். ஓடட்டும். அது கான்கிரீட் ரூம்.

என்ன? இல்லை, கேள்வி வேண்டாம் என்று சொன்னேன்.

அந்த வருஷம் ஆடி முடிந்து ஆவணியில் ஆரம்பித்தது. காலையில் டிசைனிங் ரூமில் ஒரே சத்தம். ஃபைல் திறக்கவில்லை. திறந்தாலும் திருத்த முடியவில்லை. கட்டம் வருகிறது. கனி திறந்து வைத்திருக்கிறார். அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெண், வாய்த்துடுக்கு, சொன்னாள். "என்னக்கா, வீட்டுக்குப் போயும் வேல பாக்கீங்களா? ஓவர்டைம் உண்டா?" எல்லோரும் சிரித்தார்கள். கனியும் சிரித்தாள். "நான் மூடிட்டுத்தான்டி போனேன்."

விருதுநகரிலிருந்து பெலிக்ஸ் என்று ஒருவன் வருவான், கம்ப்யூட்டர் சர்வீஸ். உங்களை மாதிரி. பையை மாட்டிக்கொண்டு வந்தான். பெட்டியை நிறுத்தித் திரும்ப ஓட்டினான். பூட்டு விட்டுவிட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் அதே கட்டம். அதே பேர். ஒரு நாள் புரட்டாசி ஃபைல். ஒரு நாள் மார்கழி. ஒரு நாள் எதுவும் இல்லை. அந்த ஒரு நாள் இல்லாமல் இருப்பதுதான் பெரிய தொல்லை. சரியாகிவிட்டது என்று எல்லோரும் உட்காருவார்கள், மறுநாள் வந்து நிற்கும்.

நான் பெலிக்ஸைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். "டேய், எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. பூட்டு எதனால விழுது?"

அவன் சொன்னான். "அண்ணாச்சி, லைப்ரரின்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் புஸ்தகத்த எடுத்தா, அவரு திருப்பிக் குடுக்குற வரைக்கும் அடுத்த ஆளுக்குக் கெடையாது. இங்கே யாரோ எடுத்துட்டு, திருப்பிக் குடுக்காம அப்படியே எந்திரிச்சுப் போயிடுறாங்க. பெட்டிக்கு அது தெரியாது. ஆளு இன்னும் வாசிச்சுக்கிட்டே இருக்காருன்னு நெனச்சுக்கிட்டுப் பூட்டியே வச்சிருக்கு."

"யாரோன்னா?"

"பேரு கனி அக்கா பேருதான் வருது. ஆனா..."

"ஆனா கீனா வேணாம். பேரு வருதுல்ல?"

"வருது அண்ணாச்சி." பிறகு தலையைச் சொறிந்தான். "கரண்டு திடீர் திடீர்னு போகுதா அண்ணாச்சி? மிஷின் ஓடிக்கிட்டிருக்கப்போ போனாலும் இப்படி ஆகும்."

"எங்க பிரஸ்ல கரண்டு போனா அடுத்த நிமிஷம் ஜெனரேட்டர். போகவே போகாது."

உண்மையைத்தான் சொன்னேன். போனதில்லை. அந்த சீசன் முழுக்க ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை.

என்ன சிரிப்பு? மெயினா? அது போவது இல்லை. அது நான் நிறுத்துவது. கரண்ட் போவது வேறு, ஒருவன் பொறுப்பாக நிறுத்துவது வேறு. நீங்கள் படித்தவர், இதுகூடத் தெரியாதா?

தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

நான் கனியைக் கவனிக்க ஆரம்பித்தேன். மகள் என்று விடவில்லை. சாயங்காலம் அவள் கிளம்பும்போது பின்னால் போய் நிற்பேன். எல்லாவற்றையும் மூடுவாள், அணைப்பாள், நாற்காலியைத் தள்ளுவாள். நான் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் செய்தாள். பார்க்கும்போது யார்தான் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள்? அவள் போன பிறகு நானே என் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பேன். பூட்டு விழுந்திருக்கிறதா என்று. இருக்காது. எல்லாம் நன்றாகத் திறக்கும். திருப்தியாகிப் போய் மெயினை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் வந்தால் பூட்டு!

சொல்லுங்கள், எரிச்சல் வருமா வராதா? நான் பார்த்துவிட்டுப் போன அதே ஃபைல். அதே ஃபைல்தான் பூட்டியிருக்கும். என்னைச் சீண்டுவதற்காகவே செய்த மாதிரி இருக்கும்.

அவளிடம் கேட்டேன். "ஏன்டி இப்படிப் பண்ற?"

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. நீங்க பாத்துட்டு மூடுறீங்களா?"

"நான் தொடுறதே இல்ல. பாக்க மட்டுந்தான் செய்றேன்."

"தொறந்து பாத்தாலே..."

"வாய மூடு."

சும்மா பார்க்கிறதுக்கு எதற்கு மூட வேண்டும்? நான் ஒரு எழுத்தைத் தட்டியதில்லை. சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துவிட்டு யாராவது கழற்றி வைக்கிறார்களா?

ஒட்டன்சத்திரம் வந்துவிட்டதா. டீ வேண்டாம் எனக்கு. நீங்கள் குடித்துவிட்டு வாருங்கள். இல்லையா? சரி. நல்லது.

ஐப்பசியில்தான் அது நடந்தது. பஞ்சாங்கம் பார்த்துத் தருகிற ஐயர் கடைசி நேரத்தில் ஒரு திருத்தம் அனுப்பினார். தைப்பூசம் ஒரு நாள் தள்ளிப் போகிறது என்று. தை மாத ஃபைலைத் திறந்தால் பூட்டு. பெலிக்ஸுக்குப் போன் செய்தால் அவன் எங்கேயோ சாத்தூர் பக்கம் வேறொரு வேலையில். பெட்டியை டிசைனிங் ஆட்களாக நிறுத்த முதலாளி விட மாட்டார். மற்றவர்கள் வேலை பாதியில் போய்விடும். கனி என்ன செய்தாள் தெரியுமா? அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, வேறு பேர் வைத்து, அதில் திருத்தத்தைப் போட்டுவிட்டாள். என்னிடம் வந்து சொன்னாள். "அப்பா, தைப் புதுசுன்னு ஒண்ணு இருக்கும். அதத்தான் அச்சுப் பிளேட்டுக்குக் குடுக்கணும். பழசக் குடுத்துராதீங்க."

எனக்கு அப்போது ஹாலில் ஒரு மிஷின் நின்றுபோயிருந்தது. சரி சரி என்றேன். ஒரு சாமானுக்கு இரண்டு பேர் வைத்தால் யாருக்கு நினைவிருக்கும்? சாயங்காலம் பிளேட் போடுகிறவன் வந்து கேட்டான். அசலைக் கொடுத்தேன். அசலைத்தானே கொடுக்க வேண்டும்? இத்தனை வருஷமாக அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். நகலைக் கொடுத்தால் திட்டுவார்கள்.

அடித்து, வெட்டி, மேலே தகரப் பட்டை பிடித்து, கட்டி அனுப்பிவிட்டோம். தென்காசிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை. பெரிய பார்ட்டி. கடைக்காரரின் தாயார் வருஷா வருஷம் பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற அம்மாள். காலண்டரைக் கையில் வாங்கியதும் முதலில் தையைத்தான் புரட்டிப் பார்த்திருக்கிறது. பூசம் தப்பான நாளில். நடக்கக் கிளம்புகிற நாளே தப்பு. கடைக்காரர் போனில் முதலாளியைப் பேசிய பேச்சை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். லாரியோடு திரும்பி வந்தது அத்தனையும். அதற்குள் அதே தாளில் மற்றப் பார்ட்டிக்கும் ஓடியிருந்தது. எல்லாம் கழிவு. கட்டிங் ரூம் நிறையப் பிள்ளையாரும் முருகனும் கிழித்துப்போட்டுக் கிடந்தார்கள். சாமி படம், மிதிக்கவும் முடியாது. தாண்டித் தாண்டி நடந்தோம்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "யாரு தப்புன்னு நான் கேக்கல. எப்படி நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

நான்தான் வாயைத் திறந்தேன். அதுதான் என் குணம். "மொதலாளி, இதுல ஒளிவு மறைவு வேணாம். என் மகதான். ஃபைல மூடாமப் போனது அவ. பூட்டு விழுந்தது அவ பேருல. நகல் எடுத்துக் கொழப்புனதும் அவ. என் மகங்கிறதுக்காக நீங்க யோசிக்க வேணாம். அனுப்பிருங்க."

கேட்டீர்களா? எத்தனை அப்பன் சொல்லுவான்?

கனி முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அப்பா, நான் மூடிட்டுத்தான் போனேன். உங்களுக்கே தெரியும். நீங்க நின்னு பாத்தீங்க. புதுசத்தான் குடுக்கணும்னு உங்ககிட்டதான் சொன்னேன்."

எல்லோர் முன்னாலும். அத்தனை பேர் முன்னாலும் என்னையே திருப்பிக் கேட்கிறாள். கை நீண்டுவிட்டது. அதை விடுங்கள்.

முதலாளிதான் இடையில் வந்தார். "அண்ணாச்சி, அண்ணாச்சி." அவர் அனுப்பவில்லை அவளை. அதையும் சொல்லிவிடுகிறேன். அவளாகவே போனாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, என் ரூம் வாசலில் நின்றாள். "வர்றேன்ப்பா" என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ரூமுக்குள்ளே எட்டிப் பார்த்தாள். என் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் ஒரு சிநேகிதி இருந்தாளாம். அங்கே ஒரு வேலை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை, துணிக்கு லேபிள் வரைகிறதாம். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரியும் கிளம்பினாள். "பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணும்ல" என்றாள். எப்ப வருவ என்று கேட்டேன். "நீங்க அவகிட்ட ஒரு வார்த்த பேசுன பொறவு" என்றாள். நான் எதற்குப் பேச வேண்டும்? தப்பு செய்தவள் பேசட்டும். அன்றையிலிருந்து மெஸ்ஸில் சாப்பாடு. வாயில் வைக்க விளங்காது. விடுங்கள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இதுதான் சாட்சி. அவள் போன அதே வாரம் எனக்குக் குடலிறக்கம் ஆப்பரேஷன். மதுரையில் ஆஸ்பத்திரி, பிறகு வீட்டில் படுக்கை. பிரஸ்ஸுக்குப் போகவில்லை. பொழுது போகாமல் போன் செய்து கேட்பேன். "பூட்டு விழுதா?" "இல்ல அண்ணாச்சி. ஒரு நாளும் விழல." பார்த்தீர்களா? அவள் போனாள், பூட்டும் போனது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ராத்திரி மெயினா? நான் இல்லாதபோது வாட்ச்மேன் லைட்டை மட்டும் அணைத்திருக்கிறான். மெயினை இழுக்கப் பயமாம் அவனுக்கு. வந்ததும் அவனைத் திட்டித் தீர்த்தேன். பற்றிக்கொண்டிருந்தால்?

உடம்பு தேறி வந்து உட்கார்ந்தேன். பழையபடி எல்லாம் பார்த்தேன், பழையபடி மெயினை இழுத்தேன். மறுநாள் காலையில் கட்டம்.

பேர் யார் பேர் என்று நினைக்கிறீர்கள்? கனி!

வேலையை விட்டுப் போனவள். ஊரையே விட்டுப் போனவள். அவள் பேர் வருகிறது. நேரே முதலாளி ரூமுக்குப் போனேன். "மொதலாளி, வந்து பாருங்க. கோயமுத்தூர்ல இருந்துகிட்டே நம்ம ஃபைலத் தொறக்குறா. பழி வாங்குறா. போலீஸ்ல சொல்லுங்க. நானே கையெழுத்துப் போடுறேன்."

முதலாளி வந்து பார்த்தார். பெலிக்ஸும் கூட வந்தான். அவன் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு நின்றான், செருப்பைப் பார்த்தபடி. முதலாளி திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "அண்ணாச்சி, உங்க ரூம் கம்ப்யூட்டர் யாரு பேருல இருக்கு?"

"அது எதுக்கு மொதலாளி இப்ப?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

என் தோளில் கை வைத்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் அங்கே. ஒரு நாளும் அவர் என் தோளில் கை வைத்ததில்லை. "ஆப்பரேஷன் ஆன ஒடம்பு. வீட்ல இருங்க. பிரஸ் உங்க பிரஸ்தான். எப்ப வேணாலும் வந்து பாத்துட்டுப் போங்க."

எனக்கா தெரியாது? மகள் மேல் போலீசுக்குப் போகிற அப்பன் நாளைக்கு முதலாளி மேலும் போவான் என்று பயந்துவிட்டார். இளகின மனசு, தொழில் செய்ய லாயக்கில்லை. சரி என்று சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு மெயினை யார் இழுத்தார்களோ. யாரும் இழுத்திருக்க மாட்டார்கள்.

இப்போது பூட்டு விழுகிறதா என்றா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. விழவில்லையாம். பெலிக்ஸ் பஜாரில் பார்த்துச் சொன்னான். "இப்ப ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றான். நான் கேட்காமலே சொன்னான். மடையன்.

தாராபுரம் தாண்டிவிட்டோமா? இந்தப் பக்கம் காற்றாடி பாருங்கள், எத்தனை. சுற்றிக்கொண்டே இருக்கிறது. யார் நிறுத்துவார்கள் அதை?

இன்னும் கொஞ்சம்தான். போன மாதம் பேத்திக்குக் காது குத்து. என் வீட்டுக்காரிதான் போனில் சொன்னாள். கனி சொல்லவில்லை. போனேன். தாய்மாமன் இல்லாத பிள்ளை, தாத்தா மடியாவது வேண்டும் அல்லவா? உட்கார்ந்தேன், குத்தினார்கள், பிள்ளை அழுதது. கனி எனக்கு இலை போட்டாள். சோறு போட்டாள். "இன்னும் கொஞ்சம் வைக்கவா" என்று கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அவர்கள் எல்லோரும் பேரூர் கோயிலுக்குப் போனார்கள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவள் ரூமில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. திரை கறுப்பாக இருக்கிறது, கீழே பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. ஆள் இல்லாத வீட்டில்! வாசலுக்குப் பக்கத்தில் மெயின் இருந்தது. இழுத்துவிட்டு, பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது போன் அடித்தது. கனி. போனதிலிருந்து அவளாக எனக்குச் செய்த முதல் போன்.

"அப்பா, வீட்டு மெயின ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமா. ஆள் இல்லாத வீட்ல அது ஓடலாமா?"

"கம்ப்யூட்டர் ஓடுதுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். பாத்துத்தான் நிறுத்துனேன்."

போன் விட்டுவிட்டதோ என்று பார்த்தேன். விடவில்லை. பிறகு கேட்டாள். "பிரஸ்லயும் அப்படித்தானேப்பா? உங்க ரூம் கம்ப்யூட்டர். ஃபைலப் பாத்துட்டு, அப்படியே வந்து மெயின இழுத்துருவீங்க."

"வேற எப்படி இழுப்பாங்க?"

அவள் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. பஸ் சத்தத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சரிப்பா" என்றாள். "வாங்க. ஒரு ஞாயித்துக்கிழம வாங்க. பேசணும்."

அதற்குத்தான் போகிறேன். மனசு உடைந்துவிட்டது அவளுக்கு. இல்லாவிட்டால் பேசணும் என்று ஏன் சொல்கிறாள்? ஒப்புக்கொள்ளப் போகிறாள். ஒரே வார்த்தை போதும் எனக்கு. நான்தான்ப்பா மூடாமப் போனேன், அவ்வளவு சொன்னால் போதும். அதற்கு மேல் ஒன்று கேட்க மாட்டேன். மன்னித்துவிடுவேன். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன்.

இப்போது சொல்லுங்கள். முழுக்கக் கேட்டீர்கள். இது உங்கள் தொழில். தப்பு யார் பேரில்?

அந்தத் திரையை விட்டு என்னைப் பாருங்கள்.

மெல்லச் சொல்லுங்கள். முன் சீட்டில் ஆள் இருக்கிறது.

ம்.

ம்.

என் ரூமில் இருந்த கம்ப்யூட்டர் அவள் பேரில் இருந்தது. ஆமாம். அதுதான் சொன்னேனே.

போதும். நிறுத்துங்கள். நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? நீங்களும் பெலிக்ஸ் மாதிரிதான். எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டம். தீ பிடித்தால் நீங்களா வருவீர்கள்? ஷட்டரை நெம்பினீர்களா நீங்கள்? உள்ளே கிடந்தவனைப் பார்த்தீர்களா?

உங்கள் லேப்டாப்பை மூடுங்கள். மடியில் கொதிக்கிறது.

பல்லடம் வந்துவிட்டது. இறங்குங்கள்.

இறங்கவில்லையா? பஸ் கிளம்பிவிட்டது. டிக்கெட் பல்லடம் வரைக்கும்தானே? கண்டக்டர் கேட்டால் நான் எதுவும் சொல்ல மாட்டேன். உங்கள் பாடு.

பேசாமல் வாருங்கள் அப்படியானால்.

சிங்காநல்லூர். அதோ, தூணுக்குப் பக்கத்தில், குடை வைத்திருக்கிறது பாருங்கள், அதுதான். என் மகள். இளைத்திருக்கிறாள். ஆட்டோவில் வந்துகொள்கிறேன், வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். வந்திருக்கிறாள்.

அவள் சொல்லுவாள். உங்களுக்கு அவளைத் தெரியாது. என் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவாள், நான்தான்ப்பா என்று. இந்த வயதில் இவர் என்ன ஆவார் என்று நினைத்தாவது சொல்லுவாள். அப்படிப்பட்ட பெண் அவள். ஹாலில் எல்லோர் முன்னாலும் நின்றபோதுகூட, கடைசியில் என் ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனவள்.

அந்தப் பையை எடுங்கள். மேலே இருக்கிறது, மஞ்சள் பை. பேத்திக்கு வாங்கியது.

எழுந்திருக்காதீர்கள். நீங்கள் இறங்க வேண்டாம். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிப் போங்கள்.

என்னிடம் சொன்னதை அவளிடம் சொல்லாதீர்கள்.